உட்கார்ந்துபோன வண்டியும் உடைஞ்சுபோன போல்ட்டும்

எங்க வீட்டுல ஒரு பிக்கப் நிக்குது. 1974 மாடல் மகிந்திரா ஜீப், பின்னாடி தொட்டி கட்டினது, பெட்ரோல் வண்டி. நான் பொறந்த வருஷம், அதாவது 1984-ல, அப்பா ஒரு ஏலத்துல எடுத்தார். "ஒரே வருசத்துல ரெண்டு செலவு"ன்னு அம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டும். குச்சிக்கிழங்கு ஏத்திக்கிட்டு சேகோ ஆலைக்குப் போனது, மஞ்சள் மூட்டையோட ஈரோடு போனது, ஊர்ல யாருக்காவது பிரசவ வலின்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி போனதுன்னு அதுக்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கு. அதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. இது அந்த வண்டியோட பின்பக்கம் உட்கார்ந்து போனதையும், அதைச் சரி பண்றேன்னு நான் பண்ணின கூத்தையும் பத்தி மட்டும்.

2024-ல ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்துச்சு. சொந்த உபயோக வண்டிக்கு முதல்ல 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும். அப்பாவுக்கு அப்ப 78 வயசு. "இந்த ஒரு தடவை பண்ணிப்போடு கண்ணு. அடுத்த தடவைக்கு வண்டி இருக்குமோ, நான் இருப்பனோ"ன்னார். 50 வருஷம் தாண்டின வண்டியைப் பழம்பெரும் வண்டின்னு தனியாப் பதிவு பண்ணிக்கிற வசதி 2021-லயே வந்துடுச்சு, நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்தெல்லாம் போட்டுத் தருவாங்கன்னு நான் எடுத்துச் சொன்னேன். ஆனா அப்படிப் பதிவு பண்ணினா கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இப்படித்தான் ரோட்டுல ஓட்டலாம். தினப்படி ஓட்டக்கூடாது. "ஓட்டாத வண்டி என்னத்துக்கு? பூஜை ரூம்புல வெக்கறதுக்கா?" அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

சிக்கல் என்னன்னா, வண்டி இடது பக்கம் பின்னால நல்லா உட்கார்ந்திருந்தது. தூரத்துல இருந்து பார்த்தா, கால் வலிக்குது, கொஞ்சம் திண்ணையில உக்காந்துக்கறேன்னு சாஞ்ச மாதிரி இருக்கும். அப்பா பார்த்ததும் சொன்னது ஒரே வார்த்தை: "கமான் பட்டை எறங்கிருச்சு. பட்டறைக்குக் கொண்டு போ."

நான் கேட்கலையே! பொறியியல் படிச்சவன் இல்லையா (கம்ப்யூட்டர்தான், ஆனாலும் பொறியியல்தானே!). நாலு வீடியோ பார்த்தேன். மட்கார்டு ஓரத்துல இருந்து தரை வரைக்கும் டேப் பிடிச்சு அளந்தேன். முதல்ல பின்பக்கத்துக்கு ரெண்டு புது ஷாக் அப்சர்பர் வாங்கி மாட்டினேன். வண்டி ஒரு நூல்கூட எழும்பலை. எழும்பாது. ஷாக் அப்சர்பருக்கு வண்டியைத் தூக்கி நிறுத்துற வேலையே கிடையாது. பட்டை ஆடுற ஆட்டத்தை அடக்குறதுதான் அதோட வேலை. பாரத்தைச் சுமக்கிறது பட்டை மட்டும்தான். இந்த அரிச்சுவடி எனக்குத் தெரிய ரெண்டு ஷாக் அப்சர்பர் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ரெண்டாவது, பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல (பேர் வேண்டாம்) "ஒரு பட்டை சேர்த்துப் போட்டா ஜம்முனு நிக்கும் சார், அரை நாள் வேலை"ன்னாங்க. எனக்கும் லீவு முடியப் போகுது. சரின்னுட்டேன். லாரியில கழட்டின துண்டுப் பட்டை ஒண்ணை வெட்டி இடது பக்கம் சொருகிட்டாங்க. வண்டியும் ஜம்முனு நின்னுச்சு. போட்டோ எல்லாம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "கட்டை வண்டி மாதிரி குதிக்குது கண்ணு"ன்னார். ரெண்டு நாள் கழிச்சு, "பிரேக் அடிச்சா வலக்கைப் பக்கம் இழுக்குதுடா"ன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மடிக்கணினியில இருந்து தலையைக்கூடத் தூக்காம, "வயசாயிடுச்சுங்கப்பா. உங்க கைதான் நடுங்குது. வண்டி நல்லாத்தான் இருக்குது."

அவர் ஒண்ணும் சொல்லலை.

அடுத்த வாரம் ரெண்டு பேரும் எட்டு மூட்டை தேங்காயோட போயிட்டிருந்தோம். அப்பாதான் ஓட்டினார். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடியாந்துச்சு. பிரேக் அடிச்சார். வண்டி நின்னிருக்கணும். நிக்காம பின்பக்கம் இடதுபுறமா விலகி, மூக்கு வலதுபுறம் திரும்பி, எதிர்த்தடத்துல ஏறிடுச்சு. எதுத்தாப்புல ஒரு ரிக் லாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்குப் பஞ்சமா என்ன! அந்த டிரைவர் மண்ணுல இறக்கினார், அப்பா ஸ்டியரிங்கை ஒடிச்சார். ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருந்தா அதிகம்.

வண்டியை ஓரங்கட்டிட்டு அப்பா ரொம்ப நேரம் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் சாவியை உருவி என் கையில குடுத்தார். "நீ சொன்னது நெசந்தான் கண்ணு. கை கேக்க மாட்டேங்குது. இனிமேட்டு நீயே ஓட்டு."

நாப்பது வருஷமா அந்தச் சாவி அவர் இடுப்பு பெல்ட்டுலதான் தொங்கிக்கிட்டிருந்தது.

*

அடுத்த நாள் வண்டியை மெதுவா உருட்டிக்கிட்டு சங்ககிரி ரோட்டுல இருக்கிற கமான் பட்டறைக்குப் போனோம். லாரிக்கும் ரிக் வண்டிக்கும் மட்டுமே வேலை பார்க்கிற இடம். மேஸ்திரிக்கு அறுபத்தஞ்சு வயசு இருக்கும். அப்பாவுக்குப் பழக்கம்.

"வாங்ண்ணா, இன்னும் வெச்சிருக்கறீங்களா இதைய!"

அவர் பட்டையைப் பார்ப்பார்னு நான் குனிஞ்சா, அவர் முதல்ல நாலு டயர்லயும் காத்து அளக்கச் சொன்னார். இடது பின் டயர்ல காத்து கம்மி. அதைச் சரி பண்ணினார். தொட்டியில கிடந்த கயிறு, கடப்பாரை, சாக்கு எல்லாத்தையும் இறக்கச் சொன்னார். சமதளமா சிமெண்ட் போட்ட இடத்துல நிறுத்தி, தொட்டியில ஏறி ரெண்டு குதி குதிச்சார். பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசிப் பிடிச்சிருக்கும், ஆட்டி விட்டாத்தான் தன் இடத்துல வந்து நிக்குமாம்.

அப்புறம் முன் ஆக்சிலுக்கு நட்ட நடுவுல ஜாக்கி வெச்சுத் தூக்கினார். "இது பின்னாடி பிரச்சனைங்க, முன்னாடி எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"நாலு காலு கட்டல்ல ஒரு காலு குட்டைன்னா எந்த மூலைங்க ஆடுது? குட்டைக் காலு மட்டுமா ஆடுது?"

புரிஞ்சுது. முன்னாடி ஒரு பக்கம் பட்டை தளர்ந்திருந்தாலும் பின்னாடி சாய்ஞ்ச மாதிரி தெரியும். முன்பக்கத்தை நடுவுல ஒரே புள்ளியில தாங்கிட்டா அதோட சேட்டை பின்னாடி வராது. அப்பவும் பின்பக்கம் சாய்ஞ்சே நின்னா, குத்தம் பின்பக்கத்துலதான். எங்க வண்டியில முன்பக்கம் சுத்தம்.

அளக்கிறதும் நான் அளந்த மாதிரி இல்லை. மட்கார்டு அம்பது வருஷத்துல எத்தனை இடி வாங்கியிருக்கும், அதைப் போய் அளந்து என்ன பிரயோஜனம்? ஹவுசிங்குல இருந்து சேஸிஸ் வரைக்கும், ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல அளந்தார். என் புண்ணியத்துல சொருகின பட்டையைக் கழட்டிட்டு அளந்தப்ப வலது ஆறே முக்கால் இஞ்ச், இடது நாலரை. அப்புறம் முன் சக்கர மையத்துல இருந்து பின் சக்கர மையத்துக்கு நூல் பிடிச்சார். இடது பக்கம் முக்கால் இஞ்ச் கூட.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ஆக்சில் பின்னால நவுந்திருக்குது தம்பி."

கழட்டினாங்க. கமான்ல எல்லாப் பட்டையையும் நடுவுல கோத்து நிக்கிறது ஒரு சென்டர் போல்ட். அதோட தலை ஹவுசிங்குல இருக்கிற ஒரு குழியில போய் உக்காரும். ஆக்சில் முன்ன பின்ன நகராம பிடிக்கிறது அந்தத் தலைதான். மேல இறுக்கிப் பிடிக்கிறது யூ போல்ட். எங்க வண்டியில பட்டை சேர்த்ததால கட்டு உயரமாச்சு. பழைய சென்டர் போல்ட் பத்தலை. அதனால ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதா போல்ட் ஒண்ணைப் போட்டு முடிச்சிருந்தாங்க. தலை குழிக்குள்ள சரியா உக்காரலை. யூ போல்ட்டும் பழசையே திரும்ப மாட்டினது, மரை நீண்டு போயிருந்தது. அது தளர, பாரம் மொத்தமும் சென்டர் போல்ட் மேல விழ, அது ரெண்டாத் துண்டாயிடுச்சு. அதுக்கப்புறம் பிரேக் அடிக்கிறப்பல்லாம் ஆக்சிலோட இடது முனை பின்னால போகும். அப்படிப் போனா பின் சக்கரம் ரெண்டும் இடதுபுறம் பார்த்து உருளும், வண்டியோட மூக்கு வலதுபுறம் திரும்பும்.

அப்பா சொன்னது அதேதான். "பிரேக் அடிச்சா வலக்கைப் பக்கம் இழுக்குதுடா."

மேஸ்திரி அந்த ரெண்டு துண்டு போல்ட்டையும் என் உள்ளங்கையில வெச்சார். அப்பா அந்தாண்ட டீக்கடையில உக்காந்திருந்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த யோசனையை மறைக்காம எழுதிடறேன். சொல்லாம விட்டுடலாமான்னுதான் தோணுச்சு. பட்டை மாத்திட்டோம், சரியாப் போச்சுன்னு முடிச்சுடலாம். அவரும் இனி ஓட்ட மாட்டார். 78 வயசுல ஓட்டாம இருக்கிறதும் நல்லதுதானேன்னு ஒரு சாக்கும் ரெடியா இருந்துச்சு. எவ்வளவு சுலபமா ஒரு மனுஷனை ஓரங்கட்டிடலாம் பாருங்க.

டீக்கடைக்குப் போனேன். போல்ட்டை அவர் முன்னாடி பெஞ்சுல வெச்சேன். "உங்க கை இல்லைங்கப்பா. இதுதான். நான் போடச் சொன்ன பட்டையால வந்தது."

அவர் துண்டு ரெண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பிரிச்சார். மறுபடி பொருத்தினார். "நாந்தான் அன்னிக்கே சொன்னனே"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். சொல்லலை. "டீ குடி, ஆறிப்போவுது"ன்னார்.

*

இனி கமான் விஷயம். மேஸ்திரிகிட்ட ரெண்டு நாள் நின்னு கத்துக்கிட்டது.

கமான்னா பாரசீகத்துல வில்லுன்னு அர்த்தம். நம்மாளுங்க பட்டை போட்ட மாட்டு வண்டியை 'வில் வண்டி'ன்னு சொன்னதும் அதேதான். பேர்லயே வேலை இருக்கு பாருங்க. வில்லோட வளைவுதான் வண்டியோட உயரம். வருஷக்கணக்கா பாரத்துல நின்னா வளைவு படிஞ்சு போயிடும். ஆனா வளைவு போச்சுன்னா இரும்போட விறைப்பு போச்சுன்னு அர்த்தம் இல்லை. பட்டை உடையாம, தேயாம இருந்தா, ஒரு மூட்டை ஏத்தினா முன்னாடி எவ்வளவு அமுங்குச்சோ இப்பவும் அவ்வளவுதான் அமுங்கும். அமுங்க ஆரம்பிக்கிற இடம்தான் கீழ போயிடுச்சு. அதனால இதுக்கு வைத்தியம் வளைவைத் திருப்பிக் குடுக்கிறது. பட்டை சேர்க்கிறது இல்லை. பட்டை சேர்த்தா உயரம் வரும், கூடவே விறைப்பும் ஏறும். அதுவும் பட்டையோட கனம் கூடக் கூட விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்கமா ஏறும். எங்க வண்டிப் பட்டை 6 மில்லி. நான் சொருகினது 9 மில்லி. ஒண்ணரை மடங்கு கனம்தான், ஆனா அதே நீளத்துக்கு விறைப்பு மூணு மடங்குக்கும் மேல. கட்டை வண்டி மாதிரி குதிக்காம என்ன பண்ணும்?

பட்டைகளைப் பிரிச்சு, மண்ணெண்ணெய்ல கழுவித் துடைச்சு, சாக்பீஸ் தூளைத் தடவி, சுத்தியால மெல்லத் தட்டினார். நல்ல பட்டை மணி மாதிரி கேட்டுச்சு. மூணாவது பட்டை மட்டும் 'தொப்'புன்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரத்துல அதுல வெள்ளைத் தூளுக்கு மேல தலைமுடி மாதிரி ஒரு ஈரக்கோடு. விரிசலுக்குள்ள போன எண்ணெய் வெளிய வந்து காட்டிக் குடுத்துடுச்சு! மெயின் பட்டையில, ரெண்டாம் பட்டையோட முனை உரசின இடத்துல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். அந்த ரெண்டும் தேறாது.

"கிளிப்பு எங்கீங்க?"ன்னு கேட்டார். பட்டை சொருகினவங்க கிளிப்பை மாட்டாமலே விட்டிருக்காங்க. ஏதோ அழகுக்குப் போட்டதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். சக்கரம் பள்ளத்துல இறங்குறப்ப பட்டைக்கட்டு எதிர்ப்பக்கம் விரியும். கிளிப் இருந்தா எல்லாப் பட்டையும் சேர்ந்து தாங்கும். இல்லைன்னா மெயின் பட்டை தனியா மாட்டிக்கும்.

மாத்த வேண்டியதுக்குப் புதுப் பட்டை. மத்ததையெல்லாம் உலையில போட்டுச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, அச்சுல வளைச்சு, எண்ணெய்ல முக்கினார். இந்த மாதிரி சிலிக்கான் மாங்கனீசு எஃகுக்கு சுமார் 900 டிகிரி சூடு. முக்கினதும் கண்ணாடி மாதிரி நொறுங்குற பதத்துல இருக்கும். மறுபடி மிதமாச் சூடு பண்ணி ஆறவிட்டாத்தான் வளைஞ்சு நிமிர்ற குணம் வரும். "பச்சையா சுத்தியில அடிச்சே வளைக்கலாம், சீக்கிரம் ஆகும். ஆனா அது பொய் வளைவு. ரெண்டு மழைக்குத் தாங்காதுங்க." திருப்பாச்சேத்தி அருவா அடிக்கிறவங்க லாரிக் கமான் பட்டையைத் தேடி வாங்குறதும் இந்த எஃகுக்காகத்தான்.

எனக்குப் பிடிச்சது இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு பட்டையையும் அதுக்கு மேல இருக்கிறதை விடக் கொஞ்சம் அதிகமா வளைக்கிறார். சும்மா அடுக்கினா நடுவுல ஒரு நூல் சந்து தெரியுது. சென்டர் போல்ட்டைப் போட்டு இறுக்கினா சந்து மூடி எல்லாம் கட்டிப்பிடிச்சுக்குது. இதனால பாரம் ஏறுறதுக்கு முன்னாடியே சின்னப் பட்டைங்க மெயின் பட்டையோட சுமையில ஒரு பங்கை வாங்கிக்குமாம். கூட்டுக் குடும்பம் மாதிரின்னு எழுதலாம். எழுதினா அக்கா சிரிப்பா. வேண்டாம் :-)

வலது பக்கத்தையும் கழட்டி அதே மாதிரி பண்ணினார். ஒரு பக்கம் மட்டும் பண்ணினா சாய்வு இடம் மாறும், போகாது. ரெண்டு பக்கமும் புது புஷ், புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். அதையும் அந்தரத்துல வெச்சு முழுசா இறுக்கலை. வண்டியைச் சக்கரத்துல நிறுத்தி, பாரம் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு.

வேலை முடியுற நேரம் மேஸ்திரி அப்பாகிட்ட கேட்டார். "ஏனுங்ண்ணா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ரோட்டுச் சரிவுக்கு இடது பக்கம் கொஞ்சம் சீக்கிரம் எறங்கறது சகஜம். ஆனா இது ஓட்டத்துல எறங்குனது இல்ல. ரொம்ப நாளு ஒரே பக்கம் பாரத்தோட நின்ன மாதிரி இருக்குது. என்னத்த வெச்சிருந்தீங்க?"

அப்பா கொஞ்சம் யோசிச்சார். "தண்ணி."

2002, 2003 வறட்சி. கிணறு வத்திப்போச்சு. ரெண்டு 200 லிட்டர் டிரம்மை இடது ஓரத்துல கட்டி, எங்கெங்கயோ போயித் தண்ணி பிடிச்சுட்டு வந்து, தென்னை வரிசையை ஒட்டியே வண்டியை ஓட்டி, இடது பக்கம் குழாய் வெச்சு ஒவ்வொரு மரத்துக்கா ஊத்தியிருக்கார். ராத்திரி தண்ணி கிடைச்சா டிரம்மோட அப்படியே வண்டி நிக்கும். ரெண்டு வருஷம். 400 கிலோ, ஒரே பக்கம்.

நான் அப்ப காலேஜ்ல ஹாஸ்டல்ல இருந்தேன். மரம் காஞ்சதுன்னு அப்பா போன்ல ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஃபீஸ் மட்டும் தேதி தவறாம வந்துச்சு. அது எந்தத் தேங்காயில இருந்து வந்துச்சுன்னு இருபது வருஷம் கழிச்சு ஒரு கமான் பட்டையைப் பார்த்து ஒருத்தர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கு.

கடைசியா அளந்தப்ப வலது ஏழு இஞ்ச், இடது ஏழுக்குக் கால் இஞ்ச் கம்மி. "ஓடி ஓடிப் படியும், சரியாப் போகும்"ன்னார் மேஸ்திரி. நான் சாவியை அப்பாகிட்ட நீட்டினேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கிட்டார். சங்ககிரி தாண்டினதும் காலியா இருந்த ஒரு இடத்துல, பின்னாடி கண்ணாடியைப் பார்த்துட்டு, வேணும்னே ஒரு பிரேக் அடிச்சார். வண்டி கோடு போட்ட மாதிரி நின்னுச்சு.

"ம்"ன்னார். அவ்வளவுதான்.

ஆர்.சி. 2029 வரைக்கும் கிடைச்சுடுச்சு. சாவி பழையபடி பெல்ட்டுல தொங்குது. ராத்திரி ஓட்டக்கூடாது, பாரம் ஏத்தினா கூட ஒருத்தர் போகணும்னு மட்டும் ஒப்பந்தம். இப்பல்லாம் அவர் வண்டியைப் பத்தி ஏதாவது சொன்னா நான் மடிக்கணினியை மூடி வெச்சுட்டுத்தான் கேட்கிறேன்.

பி.கு: பழைய வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. பட்டை வேலை பார்த்தா, கொஞ்ச நாள் ஓடின பிறகு யூ போல்ட்டை மறுபடி ஒரு தடவை இறுக்கிடுங்க. புதுப் பட்டை படியப் படிய அது தளரும். உடைஞ்ச அந்த சென்டர் போல்ட் இப்ப என் மேசையில பேப்பர் வெயிட்டா இருக்கு.